அணைக்கரையில் வைத்த சோறு

மலைமேல் இருந்த அந்த ஏரியை எங்கள் தோட்டத்தில் 'டேம்' என்றுதான் சொல்வோம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஆற்றை மறித்துக் கட்டியது. அதன் தண்ணீர் குழாயில் இறங்கி, கீழே ஒரு சக்கரத்தைச் சுற்றி, ரப்பர் ஆலைக்கும் துரை பங்களாவுக்கும் கரண்ட் கொடுத்தது. கரைக்கு மண் சுமந்தவர்கள் எங்கள் ஆட்கள். நாங்கள் குடியிருந்த லயத்தில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற எங்களைக் கேட்டில் சோதித்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி சோறு வெளியே போனாலும் ஜெயில்.

என் கைக்குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். டேம் கரை முனியாண்டிக்குப் படையல் போடுவதாக வேண்டிக்கொண்டேன். சாமி சோற்றுக்குமா சட்டம் என்று நினைத்தேன். அப்படியொரு புத்திசாலி நான். காய்ச்சல் விட்ட மறுநாள், மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிய்த்துப் போடும் பையின் அடியில் சோறும் கருவாடும் ஒரு சுருட்டும் ஒளித்துக் கொண்டுபோய், இலையில் வைத்துக் கும்பிட்டேன். மதகு பார்க்கும் அண்ணன் கண்டுவிட்டார்.

"சீக்கிரம் போயிரு தங்கச்சி. இலைய நான் எடுத்துப் போட்டுர்றேன் லா," என்றார்.

நான் போனபின், அவர் இலையை எடுப்பதற்குள் ரோந்து வந்த பட்டாளம் பார்த்து அவரைப் பிடித்துவிட்டது.

மத்தியானம் எங்களை ஆலைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். "சோத்த வச்சது யாரு?" என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி கேட்டார். விலங்கு மாட்டியிருந்த அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். கைப்பிள்ளைக்காரி என்ன செய்வாள் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். அதெல்லாம் சாக்கு. பயந்தேன், அவ்வளவுதான்.

"நான்தான்யா வச்சேன். சாமிக்கு," என்றார் அண்ணன். சாமிக்கு என்பதை யாரும் நம்பவில்லை. லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி என் வாசலுக்கு வந்தார்.

"சோறு யாரோடதுன்னு எனக்குத் தெரியும். ஒன்னத் திட்ட வரல. ஒம் புள்ளைக்குக் கண்ணத் தொறந்த சாமிகிட்ட எம் புருஷனுக்கும் வேண்டிக்க."

"வேண்டிக்கிறேன்க்கா," என்றேன்.

வேண்டிக்கொண்டால் படையல் போட வேண்டும். படையல் போட மறுபடியும் சோற்றை ஒளித்துக்கொண்டு அந்தக் கேட்டைத் தாண்ட வேண்டும். அவர் திரும்பி வரவேயில்லை. நான் அவருக்காக வேண்டிக்கொள்ளவும் இல்லை.