இப்பத்தான் உட்கார்ந்தேன்

இது நடந்து ஏழு வருஷம் இருக்கும். தீபாவளி முடிந்த வாரம். எனக்கு வேலை கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, கோவளத்தைத் தாண்டி ஒரு சின்னக் கடலோர ஊருக்கு இரண்டு நாள் தங்கப் போனேன். சைதாப்பேட்டையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அதுவரை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எங்கேயும் போய்த் தங்கியதே இல்லை.

காரணம், அப்பாவின் வேலை. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் முப்பது வருஷமாக இருந்தார். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் லீவு என்று வாயையே திறக்க முடியும். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். உட்கார்ந்து வேலை பாருங்கள் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார், கடையில் எங்கே உட்காருவது? இரண்டு நாளாவது அவரைக் கடலுக்கு முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும். என் திட்டமே அவ்வளவுதான்.

அங்கே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள். எல்லாம் சென்னைக்காரர்கள் லீவு நாளில் வந்து தங்குவதற்கு. வாசலில் பிரம்பு நாற்காலிகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துணிக்கொடி. போய் இறங்கிய அரைமணி நேரத்தில் அப்பா அந்தக் கொடிக்குப் பக்கத்தில் நின்றார். யார் யாரோ காயப்போட்ட துண்டுகளை எடுத்து உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, நாற்காலியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டில் தன் பனியனைக்கூட மடிக்காத மனுஷர்!

"இந்த ஆளு நம்ம வீட்டுக்கு என்னைக்கு வருவாராம்?" என்று அம்மா சிரித்தாள்.

உட்காருங்கப்பா என்று நாலு தரம் சொன்னேன். "சும்மா இருந்தா ஒரு மாதிரியா இருக்கும்மா. நிக்கது பழகிப் போச்சுல்லா" என்றார். அவர் கடையில் ஆள் வராத நேரத்திலும் கை சும்மா இருக்கக் கூடாது. மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அப்போது அடுத்த வீட்டிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, எங்க ரூமுக்கும் ரெண்டு துண்டு குடுத்துடு" என்றார். "இதோ கொண்டாரேம்மா" என்று அப்பா கிளம்பியே விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! அந்த அம்மாவிடம் காட்ட வேண்டியதை அப்பாவிடம் காட்டினேன். "இது உங்க கடை இல்லப்பா! மானத்த வாங்காதீங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அப்பா கையிலிருந்த துண்டை மடித்து முடித்தார், வைத்தார், உள்ளே போய்விட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவர்தான் என் அப்பா என்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோனதே, அதுதான் என் கோபம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் அப்பா அறையில் இல்லை. பதறிப்போய் வெளியே ஓடினேன். படகுகளைத் தாண்டி, ஆளே இல்லாத இடத்தில், ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வேட்டியை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். அலை வந்து அந்தக் கால்களை நனைத்துவிட்டுப் போனது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் போனேன்.

என் செருப்புச் சத்தம் கேட்டதுதான் தாமதம், அப்பா சட்டென்று எழுந்து நின்றார். வேட்டியை இறக்கிவிட்டுக் கையை முன்னால் கட்டிக்கொண்டார்.

"இப்பத்தாம்மா உக்காந்தேன்" என்றார்.

சூப்பர்வைசரிடம் சொல்வதுபோல, என்னிடம்.

நான் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "நேத்து நான் கத்துனது தப்புப்பா. உக்காருங்க" என்றேன். அப்பா இரண்டு பக்கமும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பெரிய அலை ஒன்று வந்து எங்களை இடுப்புவரை நனைத்தது. "உப்புத் தண்ணி காலுக்கு இதமா இருக்கு" என்று சிரித்தார். நான் அழுததை அவர் கவனித்தாரா, தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளி முடிந்தும் அதே ஊருக்குப் போகிறோம். இப்போது கடையில் ஸ்டூல்கூடப் போட்டுவிட்டார்கள். இந்த வருஷமும் காலையில் அவரைத் தேடிக் கரைக்குப் போனேன். செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். எழுந்திருக்கவில்லை, பக்கத்து மணலைத் தட்டிக் காட்டினார். அவர் எழுந்திருக்காத அந்த ஒரு நொடியைப் பார்ப்பதற்காகத்தான் நான் வருஷா வருஷம் லீவு போடுகிறேன்.