கோதுமை பியரில் கராம்புக் காம்பு

என் மனைவியின் தம்பி ஜெர்மனியிலிருந்து நாலு போத்தல் கோதுமை பியர் கொண்டுவந்தான். துவாய்களில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்கிவருவதுபோல் கொண்டுவந்தான். பதினெட்டு வருஷம் கழித்து வருகிறவன் அக்காவுக்கு ஒரு சேலை எடுத்து வரக் கூடாதா? பியராம். அதுவும் கோதுமையில். கோதுமையில் ரொட்டி சுடலாம், பரோட்டா போடலாம், மிச்சத்தைக் கோழிக்கு வீசலாம். அதைக் குடிக்கிற கேடு என்ன வந்தது?

நான் மாத்தளையில் கராம்பும் மிளகும் வாங்கி விற்கிறவன். அலுவிகாரைப் பக்கம் மூலிகைத் தோட்டம் போட்டு, சுற்றுலாக்காரன் முதுகில் எண்ணெய் தடவிவிடும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். எனக்கு மூக்குதான் தொழில். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, நகத்தால் அழுத்தி முகர்ந்தால் போதும், மொட்டோடு எவ்வளவு காம்பைக் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். காம்பு சேர்ந்தால் வாசத்தில் விறகு ஏறும். எல்கடுவயிலிருந்து வந்தாலும் பல்லேகமவிலிருந்து வந்தாலும் சரக்குக்காரர் யாரும் என் மூக்கோடு வாதாடுவதில்லை.

மைத்துனனும் ஒரு காலத்தில் என் கடையில் வேலைக்கு நின்றவன்தான். முற்றத்தில் கராம்பு காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், வானம் கறுத்துவரும்போது, பாயைக்கூடச் சுருட்டாமல் வெளிநாட்டு ஏஜென்டைப் பார்க்க ஓடினான். அவ்வளவும் நனைந்து பூஞ்சணம் பிடித்தது. அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"நாலாவது போத்தல் அவனே ஆக்கினதாம். இத்தன வருஷம் அங்க பியர் ஆக்குற எடத்துல தொட்டி கழுவிக்கிட்டு இருந்தவனுக்கு இப்பதான் மொதலாளி ஒரு தொட்டிய நம்பிக் குடுத்திருக்காரு. ஒங்க மூக்குகிட்ட காட்டத்தான் கொண்டாந்திருக்கான். ஒரு நல்ல வார்த்த சொல்லிடுங்க."

"நல்ல வார்த்தைக்கெல்லாம் என் மூக்கு வேல செய்யாது. உள்ளத சொல்லும்" என்றேன்.

சரக்கு எதுவானாலும் நான் விடியற்காலையில், வாயைக் கொப்பளித்து, தேத்தண்ணி படுமுன் பார்ப்பதுதான் வழக்கம். பியருக்கும் அதே சட்டம் என்று காலை ஆறரைக்கு அவனை உட்காரவைத்தேன். மிரளுவான் என்று பார்த்தால் அவன் சந்தோஷப்பட்டான்.

"அங்கயும் இத காலையிலதான் மச்சான் குடிப்பாங்க. மத்தியானத்துக்கு முன்னாடியே முடிச்சிடுவாங்க."

"வெளங்கிடும் அந்த நாடு" என்றேன்.

முதல் போத்தலைச் சரித்து ஊற்றி, கடைசிக் கொஞ்சத்தைக் கலக்கி, அடியில் கிடந்த மண்டியையும் கிளாஸில் விட்டான். சாக்கு அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. ருசியே மண்டியில்தான் இருக்கிறதாம். நாங்கள் மண்டியைக் கீழே ஊற்றுகிறவர்கள். கனிந்து தோல் கறுத்த கோழிக்கூட்டு வாழைப்பழ வாசம் அடித்தது. பழம் வேண்டுமென்றால் பழம் சாப்பிட மாட்டேனா?

இரண்டாவது வடிகட்டியது. தெளிவாக இருந்தது. அதைத் தவிர அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது கறுப்பு, கருகிய பாண் தோலைக் தித்திக்கும் கித்துள் பாணியில் தோய்த்தது போல இருந்தது. எனக்குக் கொஞ்சம் பிடித்தது. அதை நான் சொல்லவில்லை. மூன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினேன்.

நாலாவதை ஊற்றும்போது நுரை வழிந்து மேசையில் ஓடியது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். கராம்பு. காய்ந்த கராம்பு இல்லை, பச்சை மொட்டை மரத்திலிருந்து ஒடித்ததும் விரலில் நிற்குமே, அந்த வாசம். குடித்தேன். மற்ற மூன்றையும் அது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சுருட்டாமல் விட்ட அந்தப் பாய் என் கண்ணுக்குள் வந்து விரிந்தது.

"காம்பு" என்றேன். "காம்பு நாத்தம் அடிக்குது."

"கராம்பே போடல மச்சான். அது ஈஸ்ட்டு பொங்கும்போது தானா வர்ற வாசம்."

"போடாமலே காம்பு நாறுதுன்னா ஆக்கினவன் கைதான் சரியில்ல."

அவன் வாதாடவில்லை. என் கடையில் நின்றவன் ஆயிற்றே. எழுந்துபோய்க் குழாயடியில் கிளாஸ்களைக் கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தான். எனக்கு மனம் குளிர்ந்திருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

அவன் திரும்பிப்போய் ஒரு வாரத்தில் கடைக்குப் போன் வந்தது.

"மச்சான், அந்தத் தொட்டிய பூராவும் கால்வாயில தொறந்து விட்டுட்டேன். நல்லாத்தான இருக்கு, ஏன் ஊத்துறன்னு மொதலாளி கேட்டாரு. அவரு பேச்ச நான் கேக்கல. ஒங்க மூக்கு சொன்னா தப்பா இருக்குமா? இனி நான் ஆக்கப் போறதில்ல, பழையபடி கழுவுற வேலைக்கே போயிட்டேன். அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

பொய் சொன்னேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி, ஒடம்ப பாத்துக்க" என்றுதான் வாய் சொன்னது. போனை வைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கடை வாசலில் ஒருவர் கராம்பு மூட்டையை அவிழ்த்துவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"நீங்க மோந்து பாத்து சொல்லுங்க மொதலாளி. நீங்க என்ன சொன்னாலும் எனக்கு சரி."

"எதிர்க் கடையில காட்டுங்க" என்றேன்.