பதினேழாவது வளைவு

“ஆத்தா, ஜீப்பு பொது எடமா?”

சோணை அண்ணன் இப்படிக் கேட்டபோது அவருடைய ஒரு கால் ஜீப்பின் பின்படியில் இருந்தது, மற்றொரு கால் காற்றில் இருந்தது. இடது கை மேல்கம்பியைப் பிடித்திருந்தது. வலது கையில் இருந்த முத்திரைத்தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் அந்த ஜீப்பில் நான் ஒருத்திதான். உள்ளே இருந்த பதினாறு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் தாளை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன்.

அவருக்கு ஊர் சிலமலை. வயது முப்பத்தைந்து இருக்கும். போடியிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகும் பெண்களை ஒச்சப்பனின் ஜீப்பில் ஏற்றி இறக்குவது அவர் வேலை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இந்த வேலை செய்கிறவரைக் ‘கிளி’ என்பார்கள். அவர் ஆட்களை எண்ணுவதில்லை, தூக்குவாளிகளைத்தான் எண்ணுவார். “ஆளு எடம் மாறிக்கிட்டே இருக்கும், வாளி மடியவிட்டு நகராது” என்பார். ஜீப் காலியாகத் திரும்பும்போதும் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது அவர் சொல்லும் காரணம்.

போடியில் ஏறும்போதே ஓர் ஏலக்காயைக் கடவாயில் அடக்கிக்கொள்வார். முந்தல் தாண்டி மலை தொடங்கும் இடத்தில் தோலைத் துப்புவார். அதன் பிறகுதான் வாய் திறக்கும்.

அவர் சொல்வதைப் பாட்டு என்று சொல்ல முடியாது, ராகம் இல்லை. வெறும் பேச்சு என்றும் சொல்ல முடியாது. ஜீப்பின் தகரத்தில் விரல்களால் தட்டிக்கொண்டே வெரசாகச் சொல்லிக்கொண்டு போவார். ஒச்சப்பன் ஸ்டியரிங்கை ஒடிக்கும் இடத்தில் அடி சரியாக முடியும். போடிமெட்டுவரை பதினேழு கொண்டைஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு பாட்டு. அன்று யார் கண்ணில் படுகிறார்களோ அவர்களைப் பற்றித்தான் பாட்டு.

அந்த ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாரைக் கேலி செய்தாரோ, அடுத்த வளைவு அவருக்குச் சொந்தம். அவர் எதிர்ப்பாட்டு சொல்லலாம். சொல்லாவிட்டால் சோணை அண்ணன் தகரத்தை மட்டும் தட்டிக்கொண்டு அந்த வளைவை அப்படியே விட்டுவிடுவார். அடுத்தவர் வளைவில் அவர் வாய் வைத்து நான் கேட்டதில்லை.

பெரும்பாலும் எதிர்ப்பாட்டு கருத்தம்மாள் அக்காவிடமிருந்துதான் வரும். வெற்றிலை போட்ட வாய், எதற்கும் சளைக்காது. ஒருநாள் சோணை அண்ணன், அக்காவை வம்புக்கு இழுக்க அக்காவின் கூடப்பிறந்த அண்ணனையே பிடித்தார். அந்த அண்ணன் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி.

“அஞ்சாம் வளைவு வந்தாச்சு, அடிவயிறு கலங்கியாச்சு,
கங்காணி கைக் கடியாரம் காலையிலிருந்தே எட்டு மணி.”

எப்போது போனாலும் எட்டு மணி ஆச்சு, தாமதம் என்று சொல்லும் கங்காணியை நினைத்து எல்லோரும் சிரித்தோம். அக்கா ஆறாவது வளைவு வரட்டும் என்று காத்திருந்து சொன்னார்.

“கடியாரத்தைப் பழிச்சவனே, கம்பியில தொங்குறவனே,
கட்டியிருக்கும் வேட்டிய விட்டாக் கைவசந்தான் வேட்டியுண்டா?”

அன்று அந்த ஜீப்பில் புது ஆள் ஒருவர் இருந்தார். மதுரையில் கேசட் கம்பெனி வைத்திருப்பவர். முந்தலில் அவருடைய கார் நின்றுவிட்டதால் எங்களோடு ஏறியிருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். இறங்கும்போது சோணை அண்ணனின் தோளில் கை போட்டு, “இதைக் கேசட்டாப் போட்டா ஜில்லா முழுக்க டீக்கடையில இதுதான்யா ஓடும்” என்றார்.

சோணை அண்ணனுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. அவர் ஆசைப்படவில்லை என்று எழுதினால் அது பொய். போடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய், ஒச்சப்பனின் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். கேசட் அட்டையில் தன் முகம் எந்தப் பக்கம் வரும் என்று எங்களிடம் கேட்டார். டீக்கடை ரேடியோவைக் கடக்கும்போதெல்லாம் நடையைக் குறைத்தார்.

மதுரைக்குப் போய்விட்டு வந்து அவரே சொன்ன கதை இது. கதவை மூடிய அறையில் மைக்குக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வோர் அடி முடியும்போதும் வளைவு வருவதுபோல இவர் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய, மைக்கில் பாதிச் சொல் விழவில்லை. கடைசியில் ஒரு பையன் பின்னால் நின்று இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டானாம். அதையும் சமாளித்துவிட்டார். ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தொடங்காமல் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, “அது கருத்தம்மாக்கா வளைவு” என்றாராம். அந்தப் பெண்ணின் அடிகளையும் நீயே சொல்லிவிடு என்றார்கள். அப்படியானால் அக்கா பேரையும் அட்டையில் போடுங்கள் என்றார் இவர். கம்பெனிக்காரர் சிரித்துவிட்டு, ஒரு கேசட்டுக்கு ஒரு பேர் போதும் என்று சொல்லிக் கையெழுத்துக்கான தாளைக் கொடுத்தனுப்பினார். சனிக்கிழமை தானே போடிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

அந்தத் தாளைத்தான் நான் ஜீப்பில் படித்தேன். ஐந்து வருட காலத்துக்கு அவர் இதுவரை சொன்னதும் இனிமேல் சொல்லப்போவதும் கம்பெனிக்கே உரிமை. கம்பெனியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பாடவோ சொல்லவோ கூடாது. இதைக் கேட்ட பிறகுதான் ஜீப் பொது இடமா என்று அவர் கேட்டார்.

ஒச்சப்பன் வண்டியை ஓட்டியபடியே, கையெழுத்துப் போடு என்றார். எத்தனை வருடம் படியில் தொங்குவாய், இப்போதாவது ஏறி உட்காரடா என்றார். கருத்தம்மாள் அக்காவும் அதையே சொன்னார். “நாஞ் சொன்னதெல்லாம் காத்தோட போறதுதானப்பா. எடுத்துக்க. எம்பேரு எதுக்கு?” அக்கா சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். எடுத்துக்கொள் என்றதும் சோணை அண்ணனின் முகம் இன்னும் சுருங்கிப்போனது.

மறுநாள் அவர் ஏலக்காய்த் தோலைத் துப்பவில்லை. ஐந்து வருடம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் பேசாமல் இருந்து பார்க்க நினைத்தாராம், பிறகு சொன்னார். முதல் வளைவு போனது, இரண்டாவதும் போனது. வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அது அவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஏழாவது வளைவில் ஒரு பெண் வாந்தி எடுத்தாள். ஒன்பதில் நான். பன்னிரண்டில் இரண்டு பேருக்காக வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. இத்தனை நாளும் அந்த மலையில் ஏன் எங்களுக்குத் தலை சுற்றவில்லை என்பது அன்றுதான் புரிந்தது. அடுத்த வளைவில் என்ன சொல்வார், என்ன பதில் வரும் என்று காத்திருந்ததில் வயிற்றை மறந்திருக்கிறோம். தோட்டத்தில் கங்காணி கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். அன்று உண்மையாகவே தாமதம்தான்.

சனிக்கிழமை கம்பெனிக்காரர் ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தார். சோணை அண்ணன் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தார். “பாட்ட வேணா கொண்டு போங்க சார். வாயையும் சேத்துக் குடுத்துட்டா நான் மலை ஏற முடியாது” என்றார். வேறு ஆள் கிடைக்காமலா போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்காரர் காரில் ஏறினார்.

அடுத்த மாதம் ஒச்சப்பனின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டேப்ரெக்கார்டரை என் மடியில் வைத்து, முந்தலிலிருந்து மேலே போகிறவரை அப்படியே பதிவு செய்தோம். வண்டி உறுமல், கியர் மாற்றும் சத்தம், நடுவில் ஒரு பஸ்சின் ஹாரன் எல்லாம் அதில் உண்டு. கருத்தம்மாள் அக்காவின் எதிர்ப்பாட்டுகள் அவர் குரலிலேயே இருக்கின்றன. வெற்று கேசட் கொண்டுவந்தால் போடியில் ஒரு ரெக்கார்டிங் கடையில் நகல் எடுத்துத் தருகிறார்கள். அட்டையில் பேர் எழுதியது நான். முதல் பேர் அக்காவுடையதாக இருக்க வேண்டும் என்றார் சோணை அண்ணன், அப்படியே எழுதினேன்.

நல்லதாகவே எல்லாம் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் இன்னும் பின்படியில்தான் நிற்கிறார். சென்ற தையில் நானும் அவரும் போயிருந்த தேனி டீக்கடையில், மேளமும் கிடாரும் சேர்த்து, யாரோ ஒருவர் குரலில் அந்த எட்டு மணிப் பாட்டு ஓடியது. நான் கோபத்தில் எழுந்துவிட்டேன். சோணை அண்ணன் பாட்டு முடியும்வரை டீயைக் குடிக்காமல் கேட்டார். “நம்ம கங்காணி கடியாரம் தேனி வரைக்கும் வந்துருச்சே” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு டீ ஆறிவிட்டது என்று வைத்துவிட்டார். வெளியே வந்ததும், “பதிலு இல்லாம மொட்டையா நிக்குது பாரு” என்றார்.

எங்கள் கேசட்டில் பதினேழாவது வளைவில் பேச்சு இல்லை, தகரத்தைத் தட்டும் சத்தம் மட்டும் இருக்கிறது. டேப் கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்கள். கெடவில்லை. பதினாறாவது வளைவில் கேசட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவரையே அவர் கேலி செய்கிறார். எனவே அடுத்த வளைவு கேட்பவருடையது.

நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த வளைவில் வலது கையால் தட்டிக்கொண்டே, கம்பியைப் பிடித்திருந்த இடது கையை விட்டு, வெளியே மலையைப் பார்த்து நீட்டினார். ‘நீ சொல்லு’ என்பதுபோல. இதைப் படித்தவர்கள் அடுத்தவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் அடி ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.