மீன் பார்க்காத நரம்பு

நார்வேயின் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில், ஆற்றங்கரைச் சாலையோரம் ஒரு மரப் பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அதுதான் பஸ் நிறுத்தம் என்று நானும் போய்க் கடைசியில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் யாரோடும் பேசவில்லை. அது இங்கே சகஜம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை முதலில் இருப்பவர் எழுந்து சரிவில் இறங்கிப் போனார். மற்றவர்கள் ஓர் இடம் நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். பஸ் சரிவுக்குக் கீழே வரும் போல, அதற்குக்கூட இவ்வளவு ஒழுங்கா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்; பொன்னேரி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரை நான். ஒருவழியாகப் பெஞ்சின் முதல் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் ஆற்றைக் கையால் காட்டி, "தின் தூர்" என்றாள். உன் முறை என்று அர்த்தம். அப்போது எனக்கு அந்த மொழி தெரியாது. டிக்கெட் கேட்கிறாள் போல என்று பஸ் அட்டையை எடுத்து நீட்டினேன்.

பெஞ்சுக்குப் பின்னால் மரத்தில் சாய்த்து வைத்திருந்த நீளமான தூண்டில் கழிகளை அதன் பிறகுதான் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அசடு வழிந்தது. அந்தப் பெண்ணின் பெயர் மாரித். பிறகு முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, பக்கத்து இயந்திரத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தவளும் அவளே. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வியாக, "பஸ் வந்ததா?" என்றாள். இன்று வரை அதை விடவில்லை.

அந்தப் பெஞ்சின் கதையை அவள்தான் சொன்னாள். அங்கே ஆற்றில் ஒரு மடு இருக்கிறது. கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீன், அவர்கள் பேச்சில் லாக்ஸ், அதில் தங்கிப் போகும். மடுவின் தலைமாட்டில் ஒருவர் இறங்கித் தூண்டிலை வீசுவார். வீசியதும் கீழ்ப்பக்கமாக ஓர் அடி நகர வேண்டும். மறுபடி வீசி, மறுபடி ஓர் அடி. அவர் கொஞ்சம் கீழே போனதும் அடுத்தவர் தலைமாட்டில் இறங்குவார். கால்மாட்டை அடைந்தவர் கரையேறிப் பெஞ்சின் கடைசியில் வந்து உட்காருவார். நல்ல இடம் என்று யாரும் ஒட்டிக்கொண்டு நிற்க முடியாது. பார்த்துக்கொள்ளக் காவலாளி இல்லை, சண்டை இல்லை. கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கு எங்க ஊரில் பாடு என்று பேர்" என்றேன். அவளுக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை.

பழவேற்காடு ஏரியை ஓரம் நின்று பார்ப்பவர்களுக்கு அது வெறும் தண்ணீர்ப் பரப்பு. எங்களுக்கு அதில் ஒவ்வோர் இடமும் வேறு. முகத்துவாரத்து நீரோட்டம் இழுக்கும் இடத்தில் வலை கட்டினால் இறால் கொட்டும். கொஞ்சம் தள்ளிக் கட்டினால் பாசிதான். அதனால் நல்ல இடங்களில் யார், என்றைக்கு வலை கட்டுவது என்பதற்குக் குப்பங்களுக்குள் முறை உண்டு. அதுதான் பாடு. இன்றைக்கு உன் பாடு என்றால் இன்றைக்கு அந்த நீரோட்டம் உன்னுடையது. என் நைனாவின் பாடு வரும் நாளில் எங்கள் வீட்டில் விடியும் முன்பே அடுப்பு எரியும். திரும்பி வந்த வலையிலிருந்து நண்டையும் மடவை மீனையும் பிரித்தெடுப்பது அம்மாவும் நானும். கிழிசலைப் பின்னுவது நான். ஆனால் தண்ணீரில் முறை ஆண்களுக்குத்தான். ஒருநாள் வலை பின்னிக்கொண்டே, "நைனா, எனக்கு எப்ப பாடு வரும்?" என்று கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு இன்னா பாடு? வலையப் பாரு, கண்ணு தவறுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை ஏன் மேலிருந்து விழுகிறது என்று கேட்டால் எப்படிச் சிரிப்பாரோ அப்படிச் சிரித்தார்.

அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. நான் ஒருத்திதான். போன வருஷம் முழங்கால் வலியால் அவர் ஏரிக்குப் போவதை நிறுத்தியபோது, எங்கள் வீட்டுப் பாடும் அவரோடு முடிந்துபோனது. போனில் அதைச் சொன்னபோது, "அதான் முறை, இன்னா பண்றது" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த வாரமே மாரித்திடம், "அந்தப் பெஞ்சில் நானும் உட்காரலாமா?" என்று கேட்டேன். மீன் வேண்டும் என்றில்லை. மீனைச் சலித்துப்போகும் அளவுக்குப் பார்த்தவள் நான். தண்ணீரில் ஒரு தடவையாவது, இது என் முறை என்று நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மாரித் அனுமதிச் சீட்டுக்கு வழி செய்தாள், தன் பழைய கழியையும் நூல் சுற்றும் உருளையையும் தந்தாள், முதியோர் இல்லத்துப் பின்புறப் புல்வெளியில் வீசவும் சொல்லிக்கொடுத்தாள். ஈத்தூண்டில் என்பது விசித்திரமான ஏற்பாடு. கொக்கியில் புழுவோ இறாலோ கிடையாது. இறகையும் நூலையும் கட்டிய பொம்மைப் பூச்சி. அதற்குக் கனம் இல்லாததால், அதைத் தூரத்துக்குக் கொண்டுபோக முன்னால் கனமான தடித்த கயிறு கொஞ்சம் இருக்கும். அதற்குப் பின்னால் உருளை வரைக்கும் மெல்லிய நூல். வீசும்போது முன்கயிறு பறக்க, கையில் மடிமடியாகப் பிடித்திருக்கும் இந்தப் பின்நூல் கழியின் வளையங்களுக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடுநூல் என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். எல்லாம் இருந்தது, அந்த ஓடுநூல் மட்டும் பழசாகி வெடித்திருந்தது. "அதை மட்டும் நீயே வாங்கிக்கொள், தங்கூஸ் நரம்பில் வாங்கு" என்றாள். நைலான் இழைக்கு எங்கள் ஊர்ப் பேரான தங்கூஸ் என்றது நான். அவள் சொன்ன பெயர் ஏதோ நீளமாக இருந்தது.

நரம்பு வாங்குவதற்கு எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? வலை பின்னிய கை இது. ஆனாலும் கடை வாசலில் நின்று நைனாவுக்கு வீடியோ போட்டேன். பாடு முடிந்ததிலிருந்து அவரிடம் கேட்க எனக்கும், சொல்ல அவருக்கும் எதுவும் இல்லாமல் இருந்தது.

"நரம்பு வாங்கணும் நைனா. எது வாங்கட்டும்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? இருக்கறதுலயே சன்னமா வாங்கு. தண்ணில போட்டா நரம்பு கரைஞ்ச மாதிரி இருக்கணும். மீனு கண்ணுல பட்டுது, அவ்ளோதான், திரும்பிக்கும்."

கடைக்காரர் பளிச்சென்ற நிறங்களில் தடித்த நரம்புகளை எடுத்து வைத்தார். நான் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தேன். கண்ணைக் காட்டி, மீனைப் போல் கையை நெளித்து, மீன் பார்க்கக் கூடாது என்று விளக்கினேன். தூண்டில் முனையில் பூச்சிக்குப் பக்கத்தில் கட்டும் நூலைக் கேட்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். கண்ணாடி மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினார். "அதான், அதான்!" என்றார் போனில் நைனா. மூன்று பேருக்கும் பரம திருப்தி.

புது நரம்பு சுருள் சுருளாக நிற்கும் என்பது தெரிந்ததுதானே. வீட்டில் கதவுக் கைப்பிடியில் ஒரு முனையைக் கட்டி, நடை முழுக்க இழுத்துச் சுருள் எடுத்துக்கொண்டிருந்தேன். கப்பல் பட்டறை வேலை முடிந்து வந்த என் கணவர் சேகர் கால் மாட்டித் தடுமாறினார். "ஒரு மீனு வூட்டுக்கு வரல, அதுக்குள்ள வூடு பூரா நரம்பு" என்றார். ஆனால் மறு முனையை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தேன். நகர்ந்தேன். முதல் இடத்துக்கு வந்தேன். இந்தத் தடவை பஸ் அட்டையை நீட்டவில்லை. தண்ணீர் தொடை வரை ஏறியது, இடுப்பு வரை ஏறும் ரப்பர் காலுறையைத் தாண்டிக் குளிர் கடித்தது. முதல் வீச்சு சரியாகப் போனது. இரண்டாவது வீச்சில் நூல் பாதியில் நின்றது. எதில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தால் எதுவும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்றுதானே தேடி வாங்கினேன்! அந்தக் கண்ணாடி நரம்பு உருளையின் பிடியில் ஒரு சுற்று, சட்டைப் பொத்தானில் ஒரு சுற்று, எங்கே என்றே தெரியாமல் இன்னொரு சுற்று. விறைத்த விரலுக்கு அந்தச் சன்னம் பிடிபடவில்லை. இழுத்தால் தோலை அறுத்தது. பிரிக்கப் பிரிக்கக் குருவிக்கூடாகிவிட்டது. பின்னால் தாடி வைத்த ஓர் ஆள் தண்ணீரில் இறங்கியிருந்தார். பெஞ்சில் மாரித் உட்பட எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்தத் தாடிக்காரர் ஏதோ சொல்லிக் கையை உயர்த்தினார். போ என்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஊரில் பாடு நாளில் வலை கிழிந்தால் அந்த நாள் போனது போனதுதான். ஏரி யாருக்காகவும் காத்திருக்காது. கரையேறி, மாரித் கூப்பிடக் கூப்பிட நிற்காமல், நிஜமான பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பஸ்ஸில் அழுதேன். எனக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சலவைக்கூடத்தில் மாரித் கேட்டாள்: "ஏன் திரும்பி வரவில்லை?"

"அவர் போகச் சொன்னாரே."

அவள் போர்வையைக் கீழே வைத்துவிட்டாள். "பொறுமையாகப் பிரி, நான் நிற்கிறேன் என்றார். நீ வேறு நூல் எடுத்து வரப் போயிருக்கிறாய் என்று நினைத்து ரொம்ப நேரம் கழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். உன் இடத்தைத் தாண்டி யாரும் கீழே போகவில்லை."

எனக்காகத் தண்ணீரில் ஒருவர் நின்றிருக்கிறார் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். இயந்திரத்தைத் திறந்து சூடான துணிக்குள் முகத்தைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை நைனாவுக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். முன்னால் கனமான கயிறு, அதன் முனையில் தனி நூல், அதற்கும் முனையில் பூச்சி, இந்த நரம்பு எல்லாவற்றுக்கும் பின்னால் என்று விரலை நீட்டிக் காட்டினேன். அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"அப்ப இந்த நரம்ப மீனு பாக்கவே பாக்காதா?"

"பாக்காது நைனா. நான்தான் பாக்கணும். நான்தான் புடிக்கணும்."

"அட! அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனக்கு? சன்னமா வாங்கு சன்னமா வாங்குன்னு நான் பாட்டுக்குக் கத்தினு இருந்தேன்." கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "நல்ல தடியா வாங்கு. குளுருக்குக் கைல நிக்கும். ஆரஞ்சுக் கலர் கீதா பாரு. நம்ம போட்டுக்குப் பெயிண்டு அடிச்சமே, அந்தக் கலரு."

இருந்தது. தண்ணீரில் மிதக்கும் ரகம், விரலுக்கு உருட்டிப் பிடிக்கத் தோதான தடிமன், நல்ல ஆரஞ்சு. முதல் தடவை எடுத்து வைத்ததையே மறுபடி எடுத்துக் கொடுத்த கடைக்காரர் புன்னகைத்தார். கண்ணாடி நரம்பை வீணாக்கவில்லை. சமையலறை ஜன்னலில் கறிவேப்பிலைச் செடி சாயாமல் அதில்தான் கட்டியிருக்கிறேன். கட்டியிருப்பது வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது. செடி தானாகவே நிற்கிறது என்று நினைத்து, இந்தக் குளிரில் எப்படி என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

அடுத்த ஞாயிறு சேகரும் கூட வந்தார். என்னைப் பார்த்ததும் தாடிக்காரர் தொப்பியைத் தொட்டார். நான் நன்றி என்று அவர்கள் மொழியில் சொன்னேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து என் முறை வந்தது. இறங்கினேன். வீசினேன். ஆரஞ்சு நரம்பு வளையங்களுக்குள் கரகரவென்று ஓடி, வெளுத்த வானத்துக்குக் குறுக்கே போய் விழுந்தது. எங்கே இருக்கிறது என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது. ஓர் அடி நகர்ந்தேன். அப்போது பார்த்து நைனாவின் அழைப்பு. சேகர் வீடியோவைப் போட்டுத் தண்ணீர் ஓரம் வரை வந்து எனக்கு நேராகப் பிடித்தார். ஊரில் அது சாப்பாட்டு நேரம். நைனா கையில் சோற்றோடு திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, தண்ணி அப்டி இழுக்குது! யாரு பாடு இப்ப?"

"என்னுது நைனா."

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. பிறகு பழைய குரலில், ஏரிக்குப் போன நாட்களில் துடுப்பை எடுத்துவரச் சொல்லும் அதே அதட்டலில், "பாடு நேரத்துல இன்னாத்துக்குப் போன்ல பேசினு இருக்கிற? வை. வேலையப் பாரு" என்றார்.

சேகர் போனைப் பையில் போட்டுக்கொண்டு கரையேறினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பின்னால் தாடிக்காரர் இடைவெளி விட்டு நின்றிருந்தார். நூலை மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த வீச்சுக்குத் தயாரானேன். அங்கே ஏரியில் இந்த நேரத்தில் யாருடைய பாடு என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே ஆற்றில் என்னுடையது.