முப்பாட்டனின் இடது காது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், எதையும் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கிறவன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் படம் வரைகிற நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, இராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற, அப்போது காலியாகக் கிடந்த ஒரு கிட்டங்கியில் படக் காட்சி வைத்தோம். அவரவர் வம்சத்து முன்னோர் ஒருவரை வரைந்து மாட்ட வேண்டும், அதுதான் பேச்சு. நாடகத்துக்குப் படுதா எழுதுகிற பெருமாள் என்னைச் சீண்டினான்.

"மாஸ்டர், ஒமக்கு ஏதுய்யா முப்பாட்டன்? ஒங்க வம்சமே ஞானஸ்நானத்துலதான ஆரம்பிச்சது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். எங்கள் முப்பாட்டனார் தேவதானம் ஊர்க்காரர், அங்கே இருந்தபோது வேதத்துக்கு மாறியவர், சொந்தக்காரர்கள் அன்றோடு அறுத்துக்கொண்டார்கள், அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. வீம்புக்கு ஒரு முகத்தை நானே கற்பனையாக வரைந்து, வீட்டுப் பழைய படத்தைப் பார்த்து எழுதியது என்று புளுகினேன். காதுகளை மட்டும் யோசிக்கவே இல்லை, எங்கள் வீட்டு ஆண்களுக்கு இருப்பதுபோல மொழுமொழுவென்று போட்டுவிட்டேன்.

மாட்டிய மறுநாள் காலையில் பார்த்தால் படத்தின் இடது காது மடலில் துணி கீழ்நோக்கிக் கிழிந்திருந்தது. எலி என்று நினைத்தேன், பிறகு பெருமாள் வேலை என்று அவனோடு சண்டைக்குப் போனேன், அவன் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் பண்ணினான். பின்பக்கம் ஊசி நூலால் தைத்து, மேலே சாயம் பூசி, கிட்டங்கிச் சாவியை நானே மடியில் முடிந்துகொண்டு போனேன். மறுநாள் காலையில் காது மறுபடியும் திறந்திருந்தது. பின்னால் தடவிப் பார்த்தால் என் தையலில் ஒரு நூல்கூட அறவில்லை. அதெப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அன்று முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படத்தைக் கழற்றிவிடலாம் என்றால் பெருமாள் சிரிப்பானே என்று அதையும் செய்யவில்லை.

கடைசி நாள் மத்தியானம், பருத்தி வண்டியோடு வந்த ஒரு அம்மா நெற்றி நிறைய திருநீற்றோடு உள்ளே வந்து என் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஊர் தேவதானமாம். புளுகு வெளுக்கப்போகிறது என்று ஒதுங்கி நின்றேன். அவர் அந்தக் கிழிசலையே பார்த்தார்.

"எங்க முப்பாட்டனாருக்கு ஒரு தம்பி. வேதத்துக்குப் போறேன்னு நின்னப்போ, எங்கப்பன் போட்ட கடுக்கன் ஒனக்கெதுக்குன்னு அவிய அண்ணன் பிடிச்சு இழுத்திட்டாராம். எடது காது அந்துபோச்சு. அந்த ஒத்தக் கடுக்கன் இன்னும் எங்க சாமிப் பெட்டியில கெடக்கு. இது ஒங்களுக்கு யாரு சொன்னா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. சாமி கும்பிடுகிற வீட்டில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்குக் காது குத்தாமல் விட்டிருப்பார்களா? ஓவியம் தெரிந்த ஐந்து பேர் பார்த்தும் ஒருவருக்கும் காதில் துளையில்லாத அந்தப் பிசகு கண்ணில் படவில்லை. இவர் எங்கள் முப்பாட்டனார், வீட்டில் சொல்லுவார்கள் என்று மழுப்பினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எனக்குத் தம்பி முறை என்று அழுதார். பக்கத்தில் நின்று கேட்ட பெருமாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனான். ஜெயித்தது நான்தான், ஆனால் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்குக் காது குத்தியதே இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு சவரம் பண்ணுகிறவர்கள் கத்தியை என் இடது காதருகே கொண்டுவந்ததும் கொஞ்சம் தயங்குகிறார்கள். போன வாரம் புதிதாக வந்த ஆளும் நிறுத்தினார்.

"இது கடுக்கன் இழுத்து அந்துபோன காயமா அண்ணாச்சி?"

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். மொழுமொழுவென்றுதான் இருந்தது. விரலால் தடவிப் பார்க்க மட்டும் இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.