குலுக்கலில் விழுந்த வீடு

துணி காயப்போடக் கொடி கட்ட வேண்டுமென்று இன்று காலை போடிமெட்டுக் கடையில் ஆணியும் கயிறும் வாங்கினேன். நைலான் கயிறு தீர்ந்துவிட்டதாம். கடைக்காரர் தேங்காய்நார்க் கயிற்றைத் தலையில் கட்டிவிட்டார். வரும் வழியில் மழை. தோளில் கிடந்த கயிறு நனைந்து ஒரு வாடை அடித்தது பாருங்கள், சேறும் பாசியும் பழைய ஓலையும் சேர்ந்த மாதிரி. நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஜீப்காரன் என் பரம்பரையையே விசாரித்தான். அவனுக்கென்ன தெரியும், நான் அப்போது மலையிலேயே இல்லை. குட்டநாட்டுக் கால்வாயில் படகில் போய்க்கொண்டிருந்தேன்.

நானெல்லாம் படகில் உல்லாசமாகப் போனேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். மாட்டுப்பட்டி எஸ்டேட் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத ஆள் நான். தேயிலை ஃபேக்டரி அடுப்பில் விறகு தள்ளித்தான் மூஞ்சி கறுத்தது என்று சொல்லிக்கொள்வேன். "பொறக்கும்போதே அப்படித்தான்" என்பாள் லூர்து. என் வீட்டுக்காரி, கொழுந்து பறித்தவள்.

எஸ்டேட்டில் வேலை இருக்கும் வரைதான் வீடு. லயம் என்போம், ரயில் பெட்டி மாதிரி ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். எனக்கு ஏற்கெனவே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். லூர்து வேலையில் இருந்ததால் சாவி எங்களிடம் இருந்தது. இந்தப் படகுப் பயணம் வாய்த்த வருஷம் அவளுக்கும் ஓய்வு. மாதா கோயில் பெருநாள் கழிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போக? திருநெல்வேலிப் பக்கம் தாத்தாவுக்கு ஊர் இருந்ததாம். எங்களுக்கு அங்கே ஒரு செங்கல் கிடையாது. "எங்க போவோம்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து தப்பித்துக்கொண்டிருந்தேன்.

பெருநாளில் குலுக்கல் வைத்தார்கள். எனக்கு இரண்டாம் பரிசு ஆட்டின் மேல்தான் கண். முதல் பரிசைச் சொல்லும்போது மைக் கரகரத்தது. "ஒன்னாம் சம்மானம், ஹவுஸ்..." என்று காதில் விழுந்தது, அப்புறம் கொர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் என் பேர். ஹவுஸ் என்றால் என்னவென்று எனக்கே தெரியும். ஓடினேன்.

"ஏட்டி லூர்து, நமக்கு வீடு விழுந்துட்டு!"

"அய்யோ மாதாவே, எந்தச் செவரு?" என்று தலையில் கை வைத்தாள். எங்கள் மழைக்கு, வீடு விழுந்தது என்றால் அதுதான் அர்த்தம்.

"செவரு இல்லட்டி, பரிசு! சொந்த வீடு!"

அந்த இடத்திலேயே மண்ணில் முட்டி போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எத்தனை ரூம் என்று ஒருத்தி கேட்டாள். "கெடக்கும் ரெண்டு மூணு" என்றேன், நானே கொத்தனார் மாதிரி.

கவரைப் பிரித்துப் படித்தவர் பாதிரியார்தான். வீடில்லை, ஹவுஸ்போட். கால்வாயில் ஒரு பகல், ஒரு ராத்திரி, இரண்டு பேருக்குச் சாப்பாட்டோடு.

கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய? லூர்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "அதுவும் வீடுதான? ஒரு நா வீடு" என்றாள்.

போகும்போது மாதா படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் எங்கள் அடுப்புக்கு மேலே தொங்கிய படம். படகில் ஏறியதும் படுக்கிற அறையில் ஒரு ஆணியைத் தேடிப் பிடித்து மாட்டினாள். பிறகு விளக்குமாறு கேட்டாள். படகோட்டிச் சேட்டன் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார், கேட்கவில்லை.

தரை அங்கே எப்படித் தட்டையாக இருந்தது தெரியுமா? பந்தைப் போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும். ஏறி இறங்கியே பழகிய என் கால் நடக்கத் தெரியாமல் தடுமாறியது. குடிக்காமலே குடிகாரப் பட்டம் வாங்கினேன். இரண்டு பக்கமும் வயல், வாத்துக்கூட்டம், கரையோரம் சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீரில் இறங்க நாலு படி. ஒரு பெண் படியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். லூர்து அவளையே பார்த்தாள்.

"சேட்டா, இந்த வீடெல்லாம் அவுக சொந்தமா?"

"பின்னே? சொந்தம்தன்னெ. மழைக்காலம் வெள்ளம் அகத்து கேறும்."

"ஏறுனா?"

"கட்டிலின்றெ மேலெ கட்டில் இட்டு கிடக்கும்."

"அவுகள யாரும் போகச் சொல்ல மாட்டாகளா?"

சேட்டனுக்குக் கேள்வியே புரியவில்லை. யார் சொல்ல என்பது போல, "ஆரு பறயான்?" என்றார்.

சாயங்காலம் கரையில் நார்க் கயிற்றால் படகைக் கட்டினார்கள். லூர்து அந்த ஈரக் கயிற்றுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் காப்பி குடித்து முடித்தோம். சேட்டன் வந்து மரியாதையாகத்தான் சொன்னார்: "அம்மச்சி, அடுத்த பார்ட்டி வரும். இனி ஒழியணும் கேட்டோ."

மலையாளத்தில் அதற்குக் காலி செய்யணும் என்று அர்த்தம். எங்கள் எஸ்டேட் ஆபீசிலும் இதே சொல்தான். ஆனால் நம் காதுக்கு 'ஒழி' என்றால் வேறு அல்லவா? "நாங்க ஒழிஞ்சு எவ்வளவோ நாளாச்சு சேட்டா" என்றேன். அவர் சிரித்தார். லூர்து படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு கழற்றினாள். நான் வாங்கப் போனேன், தரவில்லை. ஊர் வந்து சேரும் வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

இப்போது இங்கே போடிமெட்டில் ஒரு வாடகை அறை. இன்று கொடி கட்டியது போக ஒரு ஆணி மிச்சம். "படத்த மாட்டிருவமாட்டி?" என்று கேட்டேன்.

"வேண்டாம். நாளைக்கு ஒழியச் சொன்னா மறுபடி நாந்தான எறக்கணும்? பெட்டியிலயே இருக்கட்டும்."

அவளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். போன மாதம் எஸ்டேட் பக்கம் போயிருந்தேன். எங்கள் லயத்துக்குக் கூரை இல்லை. வாசலில் மேராக்காய்க் கொடிப் பந்தல் இருந்த இடத்தில் காடு. அடுப்படிச் சுவர் மட்டும் பாதி நிற்கிறது. புகையில் கறுத்த சுவரில், படம் தொங்கிய இடம் சதுரமாக வெள்ளையாகத் தெரிகிறது. அடுத்த மழை தாங்காது. அன்றைக்கு வந்து, வீடு விழுந்துட்டு என்று சொன்னால், லூர்து இந்தத் தடவையும் எந்தச் சுவர் என்றுதான் கேட்பாள்.