சுலோசனா இறக்கி வைத்த கேமரா

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் கனகராஜ் நடத்திய போட்டோ ஸ்டுடியோவில், நெகட்டிவ்களைப் பென்சிலால் திருத்தும் வேலை அவர் தங்கை சுலோசனாவுடையது. ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது கால் சூம்பிவிட்டது. தெருவில் நடக்கக் கைத்தடி வேண்டும். ஸ்டுடியோவுக்குள் ஒரு குட்டை ஸ்டூலிலேயே பொழுது போய்விடும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை எல்லாம் அவள் பென்சில் முனையில் காணாமல் போகும். படம் எடுப்பது மட்டும் அண்ணன்தான்.

எழுபத்து மூன்றாம் வருடம் கனகராஜ் கடலூரிலிருந்து ஒரு பெரிய திரை வரவழைத்தார். கட்டம் போட்ட தரை, தூண்கள், வளைந்து ஏறும் மாடிப்படி. நேரில் பார்க்க அரண்மனைதான். படத்திலோ, அதன் முன்னால் நின்றவர்கள் சரிவில் கால் வழுக்குகிறவர்களைப் போலத் தெரிந்தார்கள். கனகராஜ் விளக்கை மாற்றிப் பார்த்தார், திரையை இழுத்துக் கட்டிப் பார்த்தார். சரியாகவில்லை.

சுலோசனாவுக்குக் காரணம் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் சிமெண்டுத் தரையும் வரைந்த தரையும் ஒன்றாகவே ஓடின. எழுந்து நின்றால் இரண்டும் சேருமிடத்தில் மடங்கின.

“அண்ணே, கேமராவ எறக்கி வச்சிப் பாரேன். வரைஞ்ச ஆளு கீழ ஒக்காந்து பாக்குறா மாதிரி வரைஞ்சிருக்காரு.”

“இருவது வருசமா படம் புடிக்கிறேன். கேமரா மூஞ்சி ஒசரத்துலதான் இருக்கணும். நீ ஒன் வேலயப் பாரு.”

அவள் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் கனகராஜ் மண்ணாடிப்பட்டுக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போயிருந்தபோது, செலியமேட்டிலிருந்து பலராமனும் அவர் மனைவி தையலம்மாளும் வந்தார்கள். முன்பு இதே திரைக்கு எதிரில் எடுத்த படம் தையலம்மாள் கையில் இருந்தது.

“எங்க புள்ள பிரான்சுல பட்டாளத்துல இருக்கான். இத அனுப்பினோம். அப்பா ஏன் வுழப்போறா மாதிரி நிக்கிறாரு, காலுக்கு இன்னா ஆச்சி, மறைக்காம எழுதுங்கன்னு படத்தையும் சேத்துத் திருப்பி அனுப்பிட்டான்.”

“இன்னிக்கும் ஏர் ஓட்டறவன் நான். எனக்கு இன்னா கொற?” என்றார் பலராமன்.

அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் நாளை மறுநாள் பிரான்சுக்குக் கிளம்புகிறார். அவர் கையில் வேறு படம் கொடுத்தனுப்ப வேண்டும்.

“அண்ணன் வர நேரமாவும். நான் எடுக்கட்டுமா?” என்றாள் சுலோசனா.

பலராமன் யோசித்தார். தையலம்மாள், “எடு கண்ணு” என்றாள்.

சுலோசனா கேமரா நின்ற முக்காலியின் திருகுகளைத் தளர்த்தி, ஸ்டூலில் உட்கார்ந்த தன் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்கினாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் இருவரும் தலைகீழாக நின்றார்கள், தரை மடங்கவில்லை. ஆனால் திரையை ஒட்டி நின்றதால் அவர்களின் நிழல் தூண்மேல் விழுந்தது. நான்கு அடி முன்னால் வரச் சொன்னாள். இப்போது மாடிப்படி பொம்மைப் படியாகச் சிறுத்துப் போனது. ஸ்டூலையும் கேமராவையும் பின்னுக்குத் தள்ளினாள். அளவு சரியாயிற்று, திரை மட்டும் மங்கியது. அண்ணன் செய்யப் பார்த்திருந்தபடி லென்சின் துளையைக் குறுக்கினாள். படியும் தூணும் தெளிந்து வந்தன. துளை குறுகினால் வெளிச்சம் குறையும், கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும்.

“நான் ரெண்டு எண்ற வரைக்கும் ஆடாம நில்லுங்க.”

நாற்று நடுபவளுக்கு இருக்கும் பொறுமையோடு தையலம்மாள் நின்றாள். பலராமன் மூச்சையே அடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பிரிண்டைப் பார்த்த கனகராஜ், “யாரு எடுத்தது?” என்றார். அவள் சொன்னாள். அவர் முகம் இறுகியது. பிறகு போய் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்து, திரையை வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு தடவ ஒக்காந்து பாத்திருக்கலாம் நான்,” என்றார்.

அன்றே கேமரா நிற்கும் இடம், ஆள் நிற்கும் இடம் இரண்டையும் அவள் சொல்லச் சொல்ல, அவர் தரையில் பெயிண்டால் குறித்தார்.

ஒரு மாதம் கழித்துத் தையலம்மாள் வந்தாள். “இப்பத்தான் அப்பா அப்பாவா இருக்காருன்னு எழுதிருக்கான். அந்த மாடிப்படில ஏறிப் பாத்தீங்களான்னு வேற கேக்குறான்.” சுலோசனா வாய்விட்டுச் சிரித்தாள்.

அதன்பின் கனகராஜ் கல்யாணங்களுக்குப் போக, ஸ்டுடியோ சுலோசனா கைக்கு வந்தது. எண்பத்து இரண்டில் அவளே ஒரு புதுத் திரைக்குச் சொன்னாள். அரண்மனை வேண்டாம், பாகூர் ஏரி வேண்டும் என்றாள். வரைய வந்த ஆதிமூலம் வானத்தை எங்கே தொடங்குவது என்று அளந்துகொண்டிருந்தார். சுலோசனா கைத்தடியை ஊன்றி எழுந்து, வெற்றுத் துணியில், ஸ்டூலில் உட்கார்ந்தால் தன் கண் வரும் உயரத்தில், சுண்ணாம்புக் கட்டியால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

“தண்ணி இங்க முடியணும்.”

“எப்பிடிம்மா இவ்ளோ நிச்சியமா சொல்றீங்க?”

“நீங்க வரைங்க. மிச்சத்தக் கேமராவுல காட்டறேன்,” என்றாள்.

ஆதிமூலம் நீல வண்ணத்தைக் குழைக்கத் தொடங்கினார்.